பெல்ட்டைத் தொடாதே

மலேசியாவில் சுங்கை லாலாங் எஸ்டேட்டில் பிறந்த உமாராணி, மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வருசக்கணக்காக நின்றே வேலை பார்த்ததில் இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு புடைத்துவிட்டது. சூப்பர்வைசர் ஆகிவிட்டால் உட்கார நாற்காலி உண்டு. அதற்கு ஆங்கிலக் கட்டுரை எழுதித் தேற வேண்டும்.

திருத்துவது மனிதரில்லை, ஒரு மென்பொருள். வாக்கியம் எவ்வளவு நீளம், அதற்குள் எத்தனை மடிப்பு என்று அளந்து மதிப்பெண் போடும். உமாராணியின் வாக்கியங்களோ மூன்று சொல், நான்கு சொல். ஷிப்டு மாறும்போது அடுத்து வருபவர்களுக்காகப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய கை. நேப்பாளிக்கும் மலாய்க்காரருக்கும் ஒருசேரப் புரிய வேண்டுமே. மெஷின் நின்றது. பெல்ட் தளர்ந்தது. தொடாதே.

மென்பொருள் சிவப்பைக் காட்டியது: மிக எளிமை.

மாலை ஆங்கில வகுப்பில் பக்கத்து இருக்கை ஷிரீன். ரொட்டி சானாய் கடைக்காரர் மகள், வாலில்லாத குறைதான்.

"அக்கா, இது தராசு மாதிரி லா. உள்ள அரிசியா கல்லான்னு பாக்காது. வாக்கியத்த ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே போங்க."

பூனை ஒன்று பேங்கில் கடன் கேட்டதாக ஒரு கதையை ஒரே வாக்கியமாக அடித்துக் காட்டினாள். பச்சை. உமாராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தானும் ஒட்டப் பழகினாள். வீட்டில் பழகினாள், வேலையிலும் பழகினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பலகையில் இப்படி எழுதினாள்: காலையிலிருந்து சத்தம் கேட்டதாலும், வருவதாகச் சொன்ன மெக்கானிக் வராததாலும்... தொடாதே என்பது மூன்றாம் வரியின் வாலில் கிடந்தது. அடுத்த ஷிப்டு லோகேஸ்வரி அதுவரை படிக்கவில்லை. பெல்ட்டைக் கையால் தள்ளினாள். இரண்டு விரல் நசுங்கிப்போனது.

ஆஸ்பத்திரியில் லோகேஸ்வரி கோபப்படவே இல்லை.

"நீளமா எழுதியிருந்திச்சிக்கா. தொடாதேன்னா எப்பவும் குட்டையாத்தானே எழுதுவீங்க. ஏதோ நல்ல சேதின்னு நெனச்சேன்."



கடைசிக் கட்டுரைக்குத் தலைப்பு, ‘என் வேலையிடம்’. அவள் அந்த விரல்களைப் பற்றித்தான் எழுதினாள். குட்டை குட்டையாகத்தான் வந்தது. நீட்டப் போனால் பழி வேறு யார் மேலோ நழுவியது. அனுப்புமுன் அளந்து பார்த்தாள். சிவப்பு.

ஷிரீன் எட்டிப் பார்த்தாள். "குடுங்கக்கா, ரெண்டே நிமிசம், ஒட்டிடறேன்."

"வேணாம்மா."

"கால் வலிக்குதுன்னீங்களே?"

"வலிக்குதுதான்."

உமாராணி அனுப்பிவிட்டாள்.

"பெயில் போட்டுடும்கா. இனி அடுத்த வருசம்தான்."

"போடட்டும். என்ன எழுதுனேன்னு லோகேஸ் கேப்பா. அவளுக்குப் புரியணும்."