ஒரே லாரி, இரண்டு தெரு, பாலைவனத்தில் ஒரு தொட்டி

மேற்கு ராஜஸ்தானில் குழாய் போய் முடிகிற கடைசி ஊரின் இரண்டாவது தொட்டி, இந்தக் கோடையிலும் ஒரு நாள்கூட வற்றவில்லை. அங்கே பம்பு இயக்குபவர் தினமும் எழுதும் நீர்மட்டப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, போன செவ்வாய்க்கிழமை என் தோழி ரஹ்மத் தொலைபேசியில் சொன்ன தகவல் இது. அந்தத் தொட்டிக்குக் காரணம் மயிலாப்பூரில் கழிந்த ஒரு காலை நேரம். நானும் உடன் இருந்தேன். தண்ணீர் லாரியின் பின்னால் நகரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று சிலர் கேட்டு எழுதியிருப்பதால், அன்றைய பயணத்தை வரிசையாகவே சொல்கிறேன்.

1993 ஜூன், ஒரு வியாழக்கிழமை. சென்னையில் குழாய்கள் காய்ந்து கிடந்தன. நான் பத்திரிகைக்காக லாரித் தண்ணீரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ரஹ்மத்துக்கு அப்போது நாற்பது வயது. தரமணியில் ஓர் ஆய்வு நிலையத்தில் புள்ளியியல் வேலை. பாலைவனக் கிராமங்களுக்கு இனி எவ்வளவு தண்ணீர் தேவைப்படும் என்று கணித்துக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு எண்ணைச் சொன்னா அது ஜோசியம் சார். எவ்வளவு தப்பிப் போகலாம், அதுக்கு வாய்ப்பு எவ்வளவுன்னு சேர்த்துச் சொன்னாத்தான் கணக்கு” என்பார்.

அறிக்கை அன்று மாலை ஐந்து மணிக்குக் கூரியரில் ராஜஸ்தானுக்குப் போயாக வேண்டும். கடைசி ஊருக்கு ஒரு தொட்டி போதும் என்று அதில் எழுதியிருந்தார். ஆனால் மனம் ஒப்பவில்லை. அந்த ஊரில் இரண்டு வாரம் தங்கி, கடைசிச் சந்துப் பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்புவதைப் பார்த்தவர் அவர். நம் ஊரில் தண்ணீர் பிடிப்பதையும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்றுதான் என்னோடு வந்தார்.

காலை 6.10க்குக் கோயில் குளத்தருகே சந்தித்தோம். மாட வீதிக்குப் பின்னால் முதல் தெரு. லாரி 6.30க்கு வந்தது. வரிசையில் தள்ளுமுள்ளு இல்லை. வீட்டுக்கு நான்கு குடம், அதிகம் போனால் ஐந்து. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவரிடம், அவ்வளவு போதுமா என்று ரஹ்மத் கேட்டார்.

“ஆத்துல நாலு பேர், நாலு குடம் போறும். நாளைக்கும் ஆறரைக்கு வந்துடுவான். ரொப்பி வச்சுண்டு பூஜையா பண்ணப்போறேன்?”

அங்கிருந்து முந்நூறு அடி நடந்தால் இரண்டாவது தெரு. அதே லாரிதான், ஆனால் மிச்சம் இருந்தால்தான் வரும். முந்தைய இரண்டு நாளும் வரவில்லையாம். 7.20க்கு அது திரும்பியதும் தெருவே ஓடியது. குடம், அண்டா, பால் கேன் எல்லாம் வந்தன. செல்வி என்ற பெண் பிரஷர் குக்கரை நீட்டினார்.

டிரைவர் சிரித்தார். “இன்னா செல்வி, தண்ணிய வேகவைக்கப் போறியா?”

“நீ தெனம் ஒழுங்கா வந்தா நான் ஏன் நைனா குக்கரைத் தூக்கினு வரேன்? நாளைக்கு வருவியா, சொல்லு.”

“எனக்கே தெரியாது.”

“அப்ப ரொப்பு, வாய மூடிக்கினு!”

நான் எண்ணினேன். செல்வி வீட்டிலும் நான்கு பேர்தான். பாத்திரம் பதினொன்று. வரிசையின் கடைசியில் நின்ற ஆறு வீடுகளுக்குச் சொட்டுகூடக் கிடைக்கவில்லை.

ரஹ்மத் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாலைவனத்தில் நாளுக்கு ஒன்றாக எழுதி வாங்கிய அளவுச் சீட்டுகளில், சில நாட்கள் தேவை திடீரென்று இரண்டு மடங்காக எழுதப்பட்டிருந்ததாம். ஜனத்தொகை அதேதான். ஆகவே அளந்தவர்கள் செய்த தவறு என்று அந்தச் சீட்டுகளை நீக்கிவிட்டுத்தான் கணக்குப் போட்டிருந்தார்.

“அது தப்பு இல்ல சார். தண்ணி வராத நாளுக்கு அடுத்த நாள் அது. நான் கணக்குல சேர்க்க வேண்டிய பயத்தையே அடிச்சுப் போட்டுட்டேன்.”

நீக்கிய சீட்டுகள் தி.நகரில் அவர் வீட்டில் இருந்தன. லஸ் முனையில் 12B பஸ் பிடித்தோம். ஐந்து கிலோமீட்டர், தலைக்கு ஒன்றரை ரூபாய், நாற்பது நிமிடம். (பனகல் பூங்காவில் இறங்கிவிடுங்கள். அடுத்த நிறுத்தம் வரை உட்கார்ந்திருந்தால் கூட்டத்தில் பின்னோக்கி நடக்க வேண்டியிருக்கும்.) வீட்டின் முன்பகுதியில் அவருடைய அண்ணனின் தையற்கடை. அவர் எங்களைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினார்.

“வா ரஹ்மத்து. பாலைவனத்துக்கெல்லாம் தண்ணி குடுக்கறே, நம்ம வீட்டு மோட்டார் மூணு நாளா இருமுது, அதையும் கொஞ்சம் பாரேன்.”

“அண்ணே, அலமாரி மேல ஒரு மஞ்சக் கவர் வச்சிருந்தேனே?”

அண்ணன் முகம் மாறியது. “வேணாம்னு சொன்னியேம்மா. பின்னாடி வெறும் பேப்பரா இருந்துதா…”

பதினோரு சீட்டுகளில் ஒன்பது கவரிலேயே இருந்தன. ஒன்று கத்தரிக்கோலின் அடியில் கிடைத்தது. கடைசிச் சீட்டு, தைத்து முடித்த ஒரு பேன்ட்டில் குத்தியிருந்தது. அதன் பின்பக்கம்: இடுப்பு 38, நீளம் 41. ரஹ்மத் ஊசியை உருவிச் சீட்டைக் கவருக்குள் வைத்தார். அண்ணனைத் திட்டவில்லை. தப்பு முதலில் தன்னுடையது என்றார்.

தரமணிக்கு ஆட்டோ. அடையாறு வழியாகப் பத்து கிலோமீட்டர், பேரம் பேசி முப்பத்தைந்து ரூபாய். 11.45க்குச் சேர்ந்தோம். நிலையத் தலைவர் முதலில் மறுத்தார். “ஏம்மா, பொட்டலம் கட்டியாச்சு. குழாயடிச் சண்டையப் பாத்துட்டு வந்து ஒரு வருஷ உழைப்பை மாத்தணும்ங்கறே?”

ரஹ்மத் பதினோரு சீட்டுகளையும் தேதிவாரியாக அவர் மேஜையில் பரப்பினார். பக்கத்தில் தண்ணீர் வராத நாட்களின் பட்டியல். ஒவ்வொன்றும் அதற்கு மறுநாள். தலைவர் இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு தானே போய்ப் பொட்டலத்தின் நூலை அறுத்தார்.

நீக்கிய சீட்டுகளையும் சேர்த்து, கணினி நல்ல வருடம், கெட்ட வருடம் என்று ஆயிரக்கணக்கான முறை கற்பனையாக ஓட்டிப் பார்த்தது. முந்தைய கணக்கில், நூறு நாளில் ஒரு நாள்தான் தொட்டி வற்றும். இப்போது கெட்ட மாதங்களில் பத்து நாளில் மூன்று நாள் வற்றியது. அச்சுப்பொறி கடைசிப் பக்கத்தைத் துப்பியபோது மணி 4.40. ‘கடைசி ஊருக்கு இரண்டாவது தொட்டி தேவை, தண்ணீர் விடும் நேரத்தை முன்கூட்டியே அறிவித்தால் தேவையே குறையும்’ என்று இரண்டு வரி சேர்ந்திருந்தது. சீட்டுகளும் இணைப்பாகப் போயின, இடுப்பளவோடு.

நாற்பது ஆண்டு நிருபர் வாழ்க்கையில் எத்தனையோ அறிக்கைகள் கையில் வந்து போயின. ஒன்று திருத்தப்பட்டதைக் கண்ணால் பார்க்கக் கிடைத்தது அன்றுதான். எரிச்சலில் உண்மையைப் போட்டு உடைத்த செல்விக்கும், நூலை அறுத்த அந்தத் தலைவருக்கும், தன் தவறைத் தானே தேடிப் போன ரஹ்மத்துக்கும் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஆறு மணிக்கு முன் போய்விடுங்கள். முதலில் அனுமதி கேளுங்கள். வரிசைக்குக் குறுக்கே நிற்காதீர்கள். குடங்களை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பாமல், நேற்று லாரி வந்ததா என்றும் கேளுங்கள்.

அந்தப் பாலைவன ஊர் இப்போது பெருத்துவிட்டது. மூன்றாவது தொட்டி வேண்டுமா என்பது முடிவாகவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ரஹ்மத்தான் கணக்குப் போடுகிறார். ஆகஸ்ட் கடைசியில் முடியுமாம். எத்தனை தொட்டி வரும் என்று தொலைபேசியில் கேட்டேன்.

“ஒரே ஒரு எண்ணா கேக்கறீங்க, சார்?” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.