கங்கம்மாள் கொண்டுவந்த காவல்

சோறு வாங்க வரிசையில் நிற்பவனின் முகத்தைக் கங்கம்மாள் பார்க்க மாட்டாள். கையைப் பார்ப்பாள். தட்டை நீட்டும் கை லேசாக நடுங்கினால் ஷிப்டு முடிந்தும் ஓ.டி. பார்த்தவன் என்று அர்த்தம். கேட்காமலே ஒரு கரண்டி கூட விழும். நகம் வெள்ளையாக இருந்தால் ஆபீஸ் ஆள், பாதியை மீத்து வைத்துவிட்டு எழுந்து போவான். அவனுக்கு அரைக் கரண்டியோடு சரி. "மூஞ்சி எப்டி வேணா நடிக்கும். கைய இன்னா பண்ணுவ நைனா" என்று சொல்லிக்கொண்டே அடுத்த தட்டுக்குத் திரும்பிவிடுவாள். அவள் கணக்கு பெரும்பாலும் தப்பாது.

ஒரகடம் ரோட்டில் இருந்த அந்தக் கம்பெனியின் கேன்டீனில் அவளை மீறி எதுவும் நடக்காது. ஐம்பதைத் தொட்ட வயது, ஒல்லி உடம்பு, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத கனத்த குரல், முன்கை முழுக்கக் குழம்பு தெறித்த பழைய தழும்பு. ஆட்களுக்குச் சாப்பாட்டுப் பெயர் வைப்பது அவளுக்கு ஒரு பழக்கம். எதற்கும் கோபம் வராத மேனேஜர் நரசிம்மன் அவளுக்குத் 'தயிர் சாதம்'. எந்நேரமும் சிடுசிடுக்கும் லைன் சூப்பர்வைசர் 'மொளகா பஜ்ஜி'. காதில் விழுந்தாலும் யாரும் சண்டைக்கு வந்ததில்லை. சோறு போடுகிறவளிடம் யார் சண்டைக்குப் போவார்கள்?

அப்படிப்பட்டவள் தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடி மாதம் முழுக்க யாரையும் கேலி பேசவில்லை. மகள் சத்யப்பிரியா ஒரு துணிப்பையோடும் கட்டுப் போட்ட மணிக்கட்டோடும் புருஷன் வீட்டிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். மருமகன் எல்லப்பன், சுங்குவார்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் வேறொரு கம்பெனியில் செக்யூரிட்டி. குடித்தால் கை நீளும், குடிக்காவிட்டாலும் நீளும். அவன் ஒருநாள் இவர்கள் ஊரான வடக்குப்பட்டுக்கே வந்து தெருவில் நின்று, "இஸ்த்துகினு போவாம வுட மாட்டேன்" என்று கத்திவிட்டுப் போனான். ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். புருஷன் பெண்டாட்டி விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். கங்கம்மாளின் வீடு ஊருக்குக் கடைசி, அதற்கப்புறம் வயல்தான். கதவோ ஓங்கி ஓர் உதை விட்டால் ஆடிப்போகிற பலகைக் கதவு. இவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு மகள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, தண்ணீர் பிடிக்கக்கூட வெளியே வராமல் கிடந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் நரசிம்மனுக்குப் பரோடாவுக்கு மாற்றல் வந்தது. அவர் குவார்ட்டர்ஸில் ஒரு நாய் இருந்தது. கிரேட் டேன் ஜாதி. சாம்பல் நிறம், தொங்கும் காது, நின்றால் கங்கம்மாளின் இடுப்பைத் தாண்டும். தூரத்தில் பார்க்கிறவர்கள் யார் வீட்டுக் கன்றுக்குட்டி என்று கேட்பார்கள். மேனேஜர் வைத்த பெயர் பிரின்ஸ். கங்கம்மாளுக்கு அது முதல் நாளே பிரிஞ்சி ஆகிவிட்டது. அவர் பாதி நாள் டூரில் இருப்பார் என்பதால், குட்டியிலிருந்து அதை வளர்த்ததெல்லாம் கேட்டில் இருந்த செக்யூரிட்டி ஆட்கள்தான். சோறு வைப்பது, குளிப்பாட்டுவது, சாயங்காலம் ஏரிக்கரைவரை ஓட்டிப் போவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. நல்லபடியாக வைத்துக்கொள்கிறவர்களுக்கு நாயைக் கொடுத்துவிடலாம் என்று மேனேஜர் சொன்னது கேன்டீன்வரை வந்தது.

கங்கம்மாள் ஓடிப்போய்க் கேட்டுவிடவில்லை. கேட்டில் இருந்த மூத்த செக்யூரிட்டி அப்பாவுவிடம் போய், "அண்ணே, எத்தினி கரண்டி துன்னும்?" என்று ஆரம்பித்தாள்.

"நீயும் உன் பொண்ணும் நாள் முச்சூடும் துன்றத அது ஒரு வேளைக்குத் துன்னும்."

கேன்டீனில் மீந்துபோகிற சோறு பன்றி வளர்க்கிறவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு வாளியைத் தனக்கென்று பேசி வைத்தாள். எலும்புக்கு வாலாஜாபாத் கறிக்கடையில் சொல்லி வைத்தாள். வயிற்றுப் பிரச்சினை தீர்ந்தது. காவல் காக்குமா என்பதுதான் மிச்சம்.

அதற்கு அவள் தானே ஒரு பரீட்சை வைத்தாள். கன்னியப்பன் என்று ஒருவன், வாலாஜாபாத்திலிருந்து சைக்கிளில் காய்கறி மூட்டை கொண்டுவருகிறவன். லுங்கி, தலையில் துண்டு. அவனை நாயின் பக்கம் கொஞ்சம் நடந்து வரச் சொன்னாள்.

"யக்கா, உனுக்கு நான் இன்னா துரோகம் பண்ணேன்?" என்றான் அவன்.

"சும்மா கிட்ட வாடா. கட்டித்தான கீது."

கன்னியப்பன் வந்தான். நாய் குலைக்கவில்லை. எழுந்து நின்றது, அவ்வளவுதான். தொண்டைக்குள்ளேயே ஓர் உறுமல். கன்னியப்பன் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டுக் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டான். கங்கம்மாளின் முகத்தில் அந்த மாதத்தில் முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது. வெள்ளை வேட்டிக்காரர், பேன்ட் போட்ட ஏஜென்ட், லாரி டிரைவர் என்று வந்தவர் போனவரையெல்லாம் கவனித்தாள். அத்தனை பேருக்கும் அதே உறுமல். கம்பெனி ஆட்களைப் பார்த்து மட்டும் அது தலையைக்கூடத் தூக்காது. ஷிப்டு விட்டுக் கூட்டம் கூட்டமாகப் போனாலும் படுத்தே கிடக்கும். "ஒவ்வொருத்தனையும் தெரிஞ்சி வச்சிகினுகீது பாரு, எம்மாம் அறிவு" என்று அதிசயப்பட்டாள். மே மாதம் பெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து அந்த ரோடு முழுக்கப் போலீஸ் நடமாட்டம். கேட்டுக்கு வந்து விசாரித்த போலீஸ்காரர்களிடமும் அது வாலை ஆட்டியது. பெரிய இடத்து நாய், மரியாதை தெரிந்தது என்று கங்கம்மாள் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள்.

நரசிம்மன் நல்ல மனுஷன், உள்ளதைச் சொன்னார். "இது பார்க்கத்தாம்மா இவ்வளவு பெரிசு, மனசு குழந்தை. இந்த ஜாதி ரொம்ப வருஷம் இருக்காது, எட்டு வயசு தாண்டினா அதிசயம். வெயில் ஆகாது. திமிறி இழுத்தா உங்க பொண்ணால பிடிக்க முடியாது. காவலுக்குத்தான்னா ரெண்டு நாட்டு நாய் வளர்த்துக்குங்களேன், நல்லா குலைக்குமே."

"கொலைக்கும் சார். கொலைச்சா யார் வருவா? எம்பொண்ணு அந்தூர்ல கத்துனதையே ஒருத்தனும் காதுல வாங்கல" என்றாள் கங்கம்மாள். "இத்தப் பாத்தா வரவன் வாசல்லயே நின்னுடுவான். எனுக்கு அது போதும்."

அவர் சங்கிலியை அவள் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிரிஞ்சி வடக்குப்பட்டுக்கு வந்த அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. வீட்டுக்குள் அது திரும்பினால் ஏதாவது விழும். வால் அடித்து ஒரு சொம்பு நசுங்கியது. வால் கதவில் மோதினால் பக்கத்து வீட்டில் யாரோ தட்டுகிறார்கள் என்று எழுந்து வருவார்கள். சத்யப்பிரியா முதல் இரண்டு நாள் மூலையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு அது அவள்மேல் வந்து சாய்ந்தது. ஆளின் மேல் உடம்பைச் சாய்த்துக்கொண்டு நிற்பது அந்த ஜாதியின் பழக்கமாம். "யம்மா, மொத்த பாரத்தையும் என்மேல போடுது" என்று மகள் முறையிட்டாள், ஆனால் நகரவில்லை. அந்த வாரத்திலிருந்து அவள் தெருக்குழாய்க்குப் போக ஆரம்பித்தாள், நாயைக் கூட்டிக்கொண்டு. குழாயடியில் அவளுக்கு வரிசையே கிடையாது. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். கங்கம்மாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்று சொல்லிக்கொண்டாள்.

எல்லப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தான். டூட்டி முடிந்து நேராக வந்திருக்கிறான், உடுப்பைக்கூட மாற்றவில்லை. கங்கம்மாள் வாசலில் நாய்க்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். நாய் எழுந்து நின்றது. எல்லப்பன் வேலிப்படலிலேயே நின்றுவிட்டான். அவன் முகத்தில் பயம் வந்ததைக் கங்கம்மாள் பார்த்தாள். சத்தியமாகப் பார்த்தாள். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் இத்தனை நாள் வாளி சுமந்திருந்தாள்.

பிறகு பிரிஞ்சியின் வால் ஆடியது. நிதானமாக நடந்துபோய் எல்லப்பனின் காக்கி பேன்ட்டை மோந்து பார்த்து, அவன்மேல் சாய்ந்துகொண்டது.

எல்லப்பன் அதன் தலையைத் தடவினான். "இன்னா அத்த, எனுக்கு ஆளு வச்சிகீறியா?" என்று சிரித்தான்.

அப்புறம் நடந்ததைச் சொல்லவே வாய் வரவில்லை. உள்ளே போய்ச் சத்யப்பிரியாவைத் தலைமுடியைப் பிடித்துத் தெருவரைக்கும் இழுத்து வந்தான். கங்கம்மாள் குறுக்கே விழுந்தாள். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர் ஒருவழியாக வெளியே வந்து அவனைப் பிரித்துவிட்டார்கள். அதற்குள் ஆறிக்கொண்டிருந்த அதே மணிக்கட்டு மறுபடி முறிந்துபோயிருந்தது. "வர ஞாயித்துக்கெழம டூட்டி முடிச்சிகினு, வண்டி எடுத்துகினு வரேன்" என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான். நாய் அவனோடு கூடவே போய், பாதை திரும்புமிடம் வரைக்கும் வழியனுப்பிவிட்டு, வந்து சோற்றுச் சட்டியின் முன்னால் உட்கார்ந்தது.

விஷயத்தைக் கேட்ட அப்பாவு நெற்றியில் அடித்துக்கொண்டார். "பாவி, எங்கையில ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? கண்ணு தொறந்த நாள்லேந்து சோறு வச்சவன் பூராவும் காக்கி போட்டவன். அது ஆளையா பாக்குது, சட்டையப் பாக்குது. நம்ம கம்பெனி ஆளுங்க பூரா காக்கி, அதான் உறுமல. போலீஸ்காரனுக்கும் அதான் வாலாட்டுச்சு."

மறக்கடிக்க வழி உண்டா என்று அவள் கேட்டாள். அதே காக்கியைப் போட்டுக்கொண்டு நாலு நாள் அடித்தால் மறக்கும் என்று அவர் சொல்லி, தன் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தார்.

புடவைக்கு மேல் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் மிலாறுக் குச்சியோடு கங்கம்மாள் கொல்லைக்குப் போனாள். பிரிஞ்சி வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஓர் அடி போட்டாள். அது உறுமவில்லை, ஓடவுமில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு கிட்டே வந்து அவள்மேல் சாய்ந்தது. அதன் பாரம் தாங்காமல் அவள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"வுடு யம்மா. அதுக்கு இன்னா தெரியும்" என்றாள் சத்யப்பிரியா, புதுக் கட்டோடு கதவருகில் நின்றபடி.

"நாய எதுக்குடி அடிக்கணும். பொண்ணு பாக்க வந்தப்போ அவன் இந்தச் சட்டையில வந்து நின்னான். பர்மனென்ட் வேல, கம்பெனி ஆளுன்னு வாயெல்லாம் பல்லா நின்னேன். தட்டு நீட்றவன் கையெல்லாம் பாக்கறவ, அவங்கைய பாக்கல." சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "எனுக்கும் இதுக்கும் ஒரே புத்திதான்."

அந்த வாரம் கேன்டீனில் வரிசை நகரவே இல்லை. கங்கம்மாள் ஒவ்வொரு கையையும் பார்த்து, பிறகு முகத்தையும் பார்த்து, அப்புறம்தான் கரண்டியைக் கவிழ்த்தாள். காக்கிச் சட்டைகள் தட்டோடு காத்து நின்றன. சனிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது, அண்டாச் சோற்றைக் கிளறுகிற நீளக் காம்புள்ள இரும்புக் கரண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

ஞாயிறு மத்தியானமே மகளையும் நாயையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். வாசற்படியில் கோணிச் சாக்கைப் போட்டு உட்கார்ந்து, கரண்டியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். வெயில் தாழ்ந்தது. பாதைத் திருப்பத்தில் ஒரு வண்டி வந்து நின்றது, அதிலிருந்து ஒரு காக்கிச் சட்டை இறங்கியது. உள்ளே ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்ட நாயின் வால், கதவில் டம் டம் என்று மோத ஆரம்பித்தது. கங்கம்மாள் ஒரு கையால் கதவை இறுக்கச் சாத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையில் கரண்டியோடு எழுந்து நின்றாள்.