ஆனியில் நுவரெலியா

1. எனக்குப் பார்த்த மாப்பிள்ளையின் வீட்டார் ரொறன்ரோவிலிருந்து வீடியோவில் பேசினார்கள். கலியாணத்தைச் சம்மரில் வைப்போம் என்றார்கள். நாங்கள் ஓம் என்றோம்.
2. கொழும்பு வெக்கை தன் கனடாப் பேரப்பிள்ளைகளுக்கு ஒத்துவராது என்று மாமி, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, குளிரான மலை ஊரான நுவரெலியாவில் பெரிய புல்வெளி உள்ள ஒரு ஹோட்டலைப் பிடித்தார்.
3. அவர்களின் பள்ளிக்கூடங்கள் ஜூன் முடிவில்தான் மூடும். ஆடி பிறந்தால் கலியாணம் வைப்பதில்லை. மிஞ்சியது ஆனியின் பின்பாதி.
4. ஐயர் அதற்குள் ஒரு முகூர்த்தம் குறித்துக் கொடுத்தார்.
5. அந்த நாட்களில் அங்கே மழைக்காலம் என்று நான் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

கட்டடங்களுக்குக் குளிரூட்டி அமைப்பு வரைவது என் தொழில். வெப்பம், ஈரம், காற்று மூன்றையும் பற்றி நாள் முழுக்க யோசிக்கச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அந்தப் படிப்புக்கு மதிப்பு, மின்விசிறி பழுதாகும்போது மட்டும்தான்.

கொழும்பில், எங்கள் வெள்ளவத்தையில், எல்லோருக்கும் நுவரெலியாவைத் தெரியும். சித்திரை லீவுக்கு வான் பிடித்துப் போவார்கள், பூக்களுக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள், லீக்ஸும் கரட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். மற்ற மாதங்களில் அந்த ஊர் என்ன செய்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. மாமியும் கனடா போகுமுன் ஒரே ஒரு தடவை, ஒரு சித்திரையில்தான் போயிருக்கிறார். அந்தச் சித்திரை வெயிலையும் கனடா ஜூலையையும் ஒட்டி, நுவரெலியா ஜூலையும் அப்படித்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

"சம்மரில ஆர் பிள்ளை மழைக்குப் பயப்படுறது?" என்று சிரித்தார். "அப்பிடிப் பெஞ்சால் ரென்ற் போடுவம்."

ரென்ற் கூடாரம் போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏன் போதாது என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அப்பாவுக்குப் பல வருடங்களாக மூச்சு முட்டு, ஆஸ்துமா. ஈரக் குளிர் பட்டால் நெஞ்சு இறுகிவிடும். சம்பந்தம் பேசிய நாளிலேயே அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், தன் வருத்தத்தைப் பற்றி அந்தப் பக்கம் ஒரு சொல்லும் போகக்கூடாது என்று. பெண் வீட்டில் நோய் என்றால் கதை வேறு மாதிரிப் போகுமாம். ஆகவே நான் மழையைப் பற்றியே பேசினேன். அவர்களும் மழைக்கே தீர்வு சொன்னார்கள். ரென்ற், ஹீற்றர், மண்டபத்துக்குள் மணவறை. விருந்தினருக்குக் கொடுக்க ஒரே நிறக் குடைகளின் படம்கூட யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்.

இந்த மாதத் தொடக்கத்தில் ஹோட்டலைப் பார்க்க அம்மாவும் அப்பாவும் நானும் போனோம். றம்பொடை தாண்டியதும் பாதை மூடுபனிக்குள் போய்விட்டது. சாரதி விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தார். ஹோட்டல் புல்வெளியில் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. அந்தத் திகதி இவ்வளவு சுலபமாகக் கிடைத்தது தங்கள் அதிர்ஷ்டம் என்று மாமி சொல்லியிருந்தார். ஆட்கள் வராத ஓவ் சீசனில் எல்லாத் திகதியும் வெறுமையாகத்தான் கிடக்கும் என்று முகாமையாளர் மரியாதையாக விளக்கினார்.

அப்பா வரவேற்பறை ஹீற்றருக்குப் பக்கத்தில் இன்ஹேலரைக் கைக்குட்டைக்குள் மறைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நாள்தானே பிள்ளை. சமாளிப்பன்."

சமாளிக்கவில்லை. திரும்பி வரும் வழியிலேயே மூச்சு இழுக்கத் தொடங்கி, நேரே கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மழைக்காலத்தில் மலைப்பக்கமே போகக்கூடாது என்று டொக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்த அப்பா, கலியாணத்தன்று சித்தப்பா கன்னிகாதானம் செய்யட்டும், நான் வீடியோவில் பார்க்கிறேன் என்றார். அம்மாவும் தலையாட்டினார். எனக்கு வந்த கோபத்துக்குப் பதில் சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. எல்லோரும் விட்டுக்கொடுத்து முடித்திருந்தார்கள்.

நான் அவருக்கு, கலியாணம் கட்டப்போகிறவருக்கு, கோல் எடுத்தேன். எல்லாத்தையும் ஹோலுக்குள்ளே மாற்றலாம், நீர் ஏன் மழையையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர் என்று அவர் தொடங்கினார்.

"மழை இல்லை," என்றேன். "அப்பாவுக்கு முட்டு. அங்க வந்தால் அவருக்கு மூச்சு விட ஏலாது. என்ரை கையைப் பிடிச்சுத் தாறது அவர்தான். வேற ஆக்கள் தந்தால் நான் மணவறைக்கு வரமாட்டன்."



"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொல்ல விடேல்லை."

தாயிடம் தான் கதைப்பதாகச் சொன்னார். கதைத்தும் இருக்கிறார். மாமி அதன்பிறகு எங்கள் வீட்டுக்குக் கோல் எடுக்கவில்லை. நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்ததால் அப்பாவும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இப்போதைய நிலை இது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு மண்டபத்தை அதே முகூர்த்தத்துக்கு என் பெயரில் பதிந்திருக்கிறேன். நுவரெலியா ஹோட்டலை மாப்பிள்ளை வீட்டார் இன்னும் ரத்துச் செய்யவில்லை. அழைப்பிதழ் அச்சுக்குப் போகவில்லை, இடம் எழுத வேண்டிய வரி வெறுமையாக இருக்கிறது. அப்பா மலைக்குப் போகமாட்டார்.