தலைப்புப் பாட்டைத் தள்ளிவிட்டேன்

மதுரையில் தினமும் என்னோடு தமிழ் பேசிய ஜப்பான் கார்ட்டூன் பையன், மலேசியாவின் கிள்ளானில் மலாய் பேசுகிறான். கல்யாணமாகி இங்கே வந்த முதல் வாரம் அவனை டிவியில் பார்த்ததும், “அட, நீயுமா இங்கே!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சோபாவில் இருந்த தர்ஷினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் என் கணவரின் முதல் தாரத்து மகள், பதினொரு வயது. அம்மா தவறி இரண்டு வருஷமாகிறது. என்னை ஆன்டி என்பாள். பாசாரில், அதாவது சந்தையில், மீன் விற்கிறவளும் அவளுக்கு ஆன்டிதான்.

எப்படியாவது அவளோடு ஒட்டிக்கொள்ள வேண்டுமே! போன சனிக்கிழமை காலை அவள் சோபாவின் ஒரு ஓரத்தில் இருக்க, நான் போய் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். தலைப்புப் பாட்டு தொடங்கியது. உதவி செய்கிற நினைப்பில் ரிமோட்டை எடுத்து, பாட்டைத் தாண்டி நேரே கதைக்குத் தள்ளினேன்.

“ஏன் ஸ்கிப் பண்ணீங்க? அம்மா ஸ்கிப் பண்ணவே மாட்டாங்க லா! அம்மா இடத்துல வேற உட்கார்ந்துட்டு!”

ஓடிப்போய்த் தன் அறைக்கதவைப் படாரென்று சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. தட்டினேன், கெஞ்சினேன், ஒரு மணி நேரம் உள்ளேயிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை. கணவருக்குப் போன் மேல் போன் போட்டேன். துறைமுகத்தில் ஷிப்டில் இருந்தவர் ஒருவழியாக எடுத்தார்.

“அது அவ அம்மா சின்ன வயசுல பார்த்த கதை. ரெண்டு பேரும் சேர்ந்துதான் பாடுவாங்க. ஆஸ்பத்திரியிலகூட பாடினாங்க,” என்றார். இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா மனுஷன்!

பள்ளி விட்டதும் அந்தப் பாட்டுக்காகவே தெருவெல்லாம் ஓடிவந்தவள் நான். உங்களில் பலரும் ஓடியிருப்பீர்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பையன் அதே வகுப்பில்தான் படிக்கிறான். நாம்தான் வளர்ந்தோம், ஊர் மாறினோம், ஆளைப் பறிகொடுத்தோம். எப்போது திரும்பிப் போனாலும் அவன் அங்கேயே இருக்கிறான். அதனால்தானோ என்னவோ, அவனை யாராலும் விட முடியவில்லை.

பாட்டை முதலிலிருந்து வைத்தேன், சத்தமாக. உட்காரவில்லை. மெட்டு அதேதான், மலாய் தெரியாததால் தமிழிலேயே பாடினேன். பாதிப் பாட்டில் தாழ்ப்பாள் விலகியது. அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள்.

“அந்தப் பாட்டு இப்படி இல்ல, ஆன்டி.”

“எங்க ஊர்ல இப்படித்தான்மா.”

அவள் தன் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு நடுவுக்கு நகர்ந்து, தான் விட்ட இடத்தைக் கையால் தட்டினாள். “இங்க உட்காருங்க.”

உட்கார்ந்தேன். அவளுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் காலி இடம். இந்தப் பக்கம் நான், பாதி சோபாவிலும் பாதி வெளியிலுமாக.