சப்பாத்திக்கள்ளிக்கு அந்தப் பக்கம் கடல்

நான் எழுதும் இந்தப் பக்கத்தில் கொஞ்ச நாளாக ஆளைக் காணோமே என்று ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் பிடித்துக்கொண்டார். இத்தாலி போயிருந்தேன் சார். சிரிக்காதீர்கள்... எட்டாவதோடு நின்ற நானேதான்!

போக வேண்டியவர் என் அண்ணன். தோல் பதனிடும் எங்கள் டேனரிக்குப் புது மெஷின் வருகிறது, பழகி வர அவரைத்தான் கம்பெனி எடுத்திருந்தது. பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. அதற்குள் ஹைவேஸில் ஒரு லாரி... வேண்டாம். அதை எழுத இன்னும் கை வரவில்லை.

பாலாற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது? மணலைத் தோண்டி, ஊறிய கலங்கலில்தான் சாம்பலைக் கரைத்தோம். அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. ஒரு பிடியைத் துணியில் கட்டி வாசல் முருங்கை மரத்தில் தொங்கவிட்டாள். அண்ணனுக்குப் பதிலாக நான் போகிறேன் என்றானதும் அதை அவிழ்த்துக் கொடுத்தாள்.

"அவன் போவணும்னு ஆசப்பட்ட ஊருடா. அங்க கடல் இருக்குதாமே... நெறைய தண்ணில கரைச்சுட்டு வா."

பனியில் நனைந்து சாம்பல் ஈரமாக இருந்தது. நான் தோல் குடோனில் வேலை பழகியவன். ஒரு பொருள் கெடக் கூடாது என்றால் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான் — உப்பு! ஒரு கை அள்ளிப் போட்டுக் கலந்தேன். பல்பொடி டப்பாவில் அடைத்துக்கொண்டேன்.

மெஷின் கம்பெனி இருந்த ஊரில் கடல் இல்லை. கடைசி ஞாயிறு, கடலோரத் தோட்டங்களைச் சுற்றிக் காட்ட பஸ் வைத்தார்கள். மறுநாள் காலை ஃபிளைட். இன்றைக்கு விட்டால்?

வழியில் ஓர் ஆறு. வெறும் கல். என் கூட வந்த சூப்பர்வைசர் அமீர் பாய் சிரித்தார்.

"இன்னாடா தம்பி, இங்கயும் பாலாறா?"

பையில் டப்பா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மலைச்சரிவில் படிப்படியாகத் தோட்டம். கீழே கடல் பளபளக்கிறது. ஆனால் சிவப்புக் குடை பிடித்த கைடம்மா நகர்ந்தால்தானே? எங்கள் பக்கம் ஒடுகத்தூர் வேலியில் சும்மா கிடக்கிற சப்பாத்திக்கள்ளி... அதற்கு இங்கே பெயர்ப் பலகை, சுற்றிக் கம்பி, நீளமாக ஒரு பிரசங்கம்!

"கடலுக்கு எப்ப பாய் எறங்குவாங்க?"

"எறங்க மாட்டாங்களாம். மேலயே சுத்திட்டு பஸ்ஸுதான். பூவப் பாருடா, பேஜார் பண்ணாத."

கள்ளிக்குப் பின்னால் சுவர். சுவரில் ஓர் இரும்புக் கேட். கேட்டுக்கு அந்தப் பக்கம் கடலுக்கு இறங்கும் படிகள். ஷூவைக் கழற்றினேன் — அண்ணனைக் கரைக்கச் செருப்புக் காலோடா போவது? கம்பியைத் தாண்டினேன். கேட்டில் பூட்டு!

விசில் பறந்தது. பெரிய மீசை வைத்த காவல்காரர் ஓடி வந்து என் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கினார். திறந்தார். வெள்ளையும் சாம்பலுமாகப் பொடி. என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு... விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

டப்பாவைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன்.

அவர் ஏதோ கத்தினார். கைடம்மா இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். போலீஸ் என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. பாய் மூச்சிரைக்க வந்தார்.

"செடிக்கு உப்பு போட்டு சாவடிக்க வந்தியான்னு கேக்கறாங்கடா! இன்னாடா அது?"

"அண்ணன், பாய்."

"இன்னா?"

"டப்பாவுல இருக்கறது... நம்ம அண்ணன்."

பாயும் அண்ணனும் தோஸ்துகள். அவர் முகம் வெளுத்துவிட்டது. காவல்காரர் பக்கம் திரும்பினார். "பிரதர்," என்று டப்பாவையும் என்னையும் காட்டினார். "டெட்." இரண்டு கையையும் தீ மாதிரி ஆட்டினார். "ஃபயர்."

கைடம்மா குடையை மடக்கினார். காவல்காரரிடம் அவர்கள் பாஷையில் மெதுவாகச் சொன்னார்.

காவல்காரர் வாயில் வைத்ததைத் துப்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் துப்பவில்லை. விழுங்கினார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, டப்பாவை மூடி என் கையில் தந்து, இடுப்புச் சாவியால் கேட்டைத் திறந்துவிட்டார்.

மூன்றே வார்த்தை இங்கிலீஷ். சாவைச் சொல்ல அதுவே ஜாஸ்தி போலிருக்கிறது!

முழங்கால் வரை இறங்கிக் கரைத்தேன். கடலில் கொண்டுபோய் உப்பைக் கொட்டியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பாய் கரையில் என் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்.

"அங்கயாச்சும் தண்ணி இருந்துச்சாடா?"

"நெறைய இருந்துச்சும்மா."

மீசைக்காரர் விழுங்கிய கதையை மட்டும் நான் சொல்லவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது... யாரும் இதை அவளுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்!