பின்பலகையில் இரண்டு மோட்டார்

சிரம்பானை அடுத்த பாரோயில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போன வாரம் தம் காரின் உடைந்த பம்பரை வாசலிலேயே வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். பைபர் பசையின் நெடி சன்னல் வழியாக உள்ளே வந்தது. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைச் சாத்தினாள். அவள் அடுக்களைக்குப் போனதும் நான் மெல்லத் திறந்துவிட்டேன். அந்த நெடி பட்டால் என் விரல்கள் தாமாக அரிக்கத் தொடங்கும். மனம் சி ரூசா கடற்கரைக்குப் போய், ஒரு படகின் வயிற்றுக்குள் குனிந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. போர்டிக்சன் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்தேன். டிராக்டரோ, தண்ணீர் பம்போ, ரப்பர் தகடு போடும் மெஷினோ, எது கெட்டாலும் "கொண்டாங்க, பாக்கலாம்" என்பேன். பெரும்பாலும் சரிசெய்தும் விடுவேன். எனக்குத் தெரியாதது என்று ஒன்று உண்டு என்பதே தெரியாத வயது அது.

என் அக்கா எஸ்தர் அதே தோட்டத்தில் மரம் வெட்டினாள்; ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுப்பதை அப்படித்தான் சொல்வோம். அவள் கணவர் அந்தோணி மாமா தோட்டத்து லாரி டிரைவர். தோட்டத்தின் பாதியை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றபோது லாரியும் போயிற்று, மாமாவின் வேலையும் போயிற்று. மற்றவர்கள் எல்லாம் சிரம்பான் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். மாமா கடலுக்குப் போனார். எதற்கு என்று கேட்டால், "அங்க யாரும் என் எடத்த விக்க முடியாதுல்ல" என்பார்.

படகு பாக் டின்னுடையது. பாக் டின் சி ரூசாவில் மீன் பிடித்த மலாய்க்காரர். பெரிய படகு ஒன்று வாங்கியதும் பழைய பைபர் படகை மாமாவுக்குக் கொடுத்துவிட்டார். அதன் நடுவில் ஒரு டீசல் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. படகின் பாதி இடம் அதற்கே. எஞ்சினிலிருந்து ஓர் இரும்புத் தண்டு அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு வெளியே போய் விசிறியைச் சுற்றும். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கசியும். அதுகூடப் பரவாயில்லை. விசிறி அடியில் தொங்குவதால், கடல் வற்றும் நேரத்தில் மணல் திட்டைத் தாண்டிக் கரைக்கு வர முடியாது. மறுபடி தண்ணீர் ஏறும் வரை வெளியே மிதந்துகொண்டே இருக்க வேண்டும். மாமா அங்கே உட்கார்ந்து பிஸ்கட் தின்பதைக் கரையிலிருந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

ஒரு நாள் அந்தத் துளையின் அடைப்பு மொத்தமாகப் பிய்த்துக்கொண்டது. மாமா ஒரு கையால் சுக்கானைப் பிடித்து, மறு கையால் தண்ணீரை மொண்டு ஊற்றியபடி திட்டு வரை வந்துவிட்டார். அங்கிருந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளிக்கொண்டு கரை சேர்ந்தார். அக்கா அழவில்லை. ஈரச்சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணு அந்த எஞ்சின் போகணும், இல்லாட்டி நீங்க போகக் கூடாது. ரெண்டுல எது?"

மாமா என்னைப் பார்த்தார்.

"எஞ்சின எடுத்துருவோம் மாமா. பின்னால ரெண்டு மோட்டார் மாட்டிருவோம். ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு கொண்டாந்து சேத்துரும். ரெண்டே வாரம்" என்றேன். அதுவரை நான் எந்தப் படகிலும் ஓர் ஆணியைக்கூடத் தொட்டதில்லை.

மூன்று மாதம் ஆயிற்று.

கனமான எஞ்சினைத் தூக்கும் சங்கிலிக் கப்பியைத் தோட்டத்து ஒர்க்ஷாப்பிலிருந்து, கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டு வாங்கினேன். அவர் எதற்கென்று கேட்டார். "கடலுக்கு" என்றேன். நான் கேலி செய்வதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மூன்று கழிகளை நட்டுக் கட்டி எஞ்சினைத் தூக்கினோம். பிறகு அந்தத் துளையை இரண்டு பக்கமும் அகலமாகச் சுரண்டி, பைபர் துணியைப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டினேன். படகின் பின்பலகைக்கு உட்பக்கம் ஒட்டுப்பலகைகளை வைத்துத் தடிமனாக்கினேன். உடம்பெல்லாம் பைபர் தூள். குளித்தாலும் போகாது. ஒர்க்ஷாப்பில் யாரும் என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

பாக் டின் தினமும் வந்து பார்ப்பார். பெட்ரோல் மோட்டார் குடிக்கிற குடிக்கு நீங்கள் பிடிக்கிற மீன் காணாது என்று மலாயில் சொல்லிவிட்டுச் சுருட்டுப் பிடித்தபடி போவார்.

மாமா தேடிப் பிடித்த இரண்டு பழைய மோட்டார்களும் பின்பலகையின் விளிம்பில் தொங்குபவை, வேண்டும்போது மேலே தூக்கிக்கொள்ளலாம். ஆனால் தண்ணீருக்குள் இறங்கும் கால் இரண்டுக்கும் குட்டை. பலகை உயரமாக இருந்தால் விசிறி தண்ணீரை எட்டாது. ஆகவே பின்பலகையைக் கீழே இறக்கி வெட்டினேன். நேர்த்தியான வெட்டு. நானே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

முதல் ஓட்டம் ஒரு ஞாயிறு காலை, கோயில் முடிந்து. அக்காவும் வருவேன் என்று ஏறிக்கொண்டாள். படகு பறந்தது. பழைய டீசலில் அரை மணி நேரம் எடுத்த தூரத்தைச் சட்டென்று கடந்தோம். மாமா சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "எப்படி நிக்குது பாருங்க" என்று இரண்டு மோட்டாரின் வேகத்தையும் ஒரேயடியாகக் குறைத்தேன்.

படகு நின்றது. பின்னால் நாங்களே கிளப்பிவிட்ட அலை நிற்கவில்லை. நான் நேர்த்தியாக வெட்டிய பலகைக்கு மேலாக ஏறி, முழங்கால் வரைக்கும் உள்ளே வந்துவிட்டது. படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது, பின்புறம் அமிழ்ந்தது. மாமாவும் நானும் மோட்டார்களைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றோம், பிடித்தால் அவை மிதக்கும் என்பதுபோல.

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூக்குப் பக்கம் தவழ்ந்து போனாள். படகு சற்றே நிமிர்ந்தது.

"ரெண்டு பேரும் இங்க வாங்க. அங்க நின்னு என்னத்தப் பாக்குறீங்க?"

போனோம். படகு சமமாயிற்று. ஐஸ் பெட்டியின் மூடியால் தண்ணீரை வாரி இறைத்தோம். அக்கா இறைத்துக்கொண்டே பேசினாள்: "நடுவுல இருந்தத தூக்கியாச்சு. மோட்டாரு பின்னால, எண்ணெய் டாங்கி பின்னால, பேட்டரி பின்னால, நீங்க ரெண்டு பேரும் பின்னால. முன்னால யாரு இருக்கா?"

படகைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. பால் வாளிகளைக் காண்டாவில், அதாவது தோள்கழியில், இரண்டு பக்கமும் தொங்கவிட்டுச் சுமந்தவள். எடை எங்கே இருக்க வேண்டும் என்று அவள் தோளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அன்று கரைக்கு வரும்போதே என் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. டாங்கிகளையும் பேட்டரியையும் முன்னால் கொண்டுபோனேன். மோட்டார்களுக்கு முன்னால் குறுக்கே உயரமான ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, அலை ஏறினாலும் பக்கவாட்டில் போட்ட துளைகள் வழியாகத் திரும்பக் கடலுக்கே போகும்படி செய்தேன்.

மறு ஓட்டத்தில் வேகத்தைப் பிடித்ததும் அக்காவே சொன்னாள்: "இப்ப நிறுத்து, அன்னிக்கு மாதிரி."

நிறுத்தினேன். அலை வந்தது, சுவரில் மோதியது, வந்த வழியே போயிற்று. நனைந்திருக்கிறதா என்று அக்கா படகின் தரையைக் கையால் தொட்டுப் பார்த்தாள். "சரி. இனி போகலாம்" என்றாள் மாமாவிடம்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், நானும் மாமாவும் வெளியே இருந்தபோது சுமத்ரா காற்று வந்துவிட்டது. சுமத்ரா பக்கமிருந்து கறுத்துத் திரண்டு வரும் மழைக்காற்றுக்கு அந்தப் பெயர். திரும்பும் வழியில் ஒரு மோட்டாரின் விசிறியில் பிளாஸ்டிக் சாக்கு சுற்றி அது நின்றுவிட்டது. மற்றது ஓடியது. கடல் வற்றியிருந்த நேரம். திட்டைத் தாண்ட முடியாமல் பாக் டின்னின் பெரிய படகு வெளியே நங்கூரம் போட்டுக்கிடந்தது. அலை அதைப் பக்கவாட்டில் அறைந்துகொண்டிருந்தது. அவரும் அவர் மைத்துனரும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மாமா என்னைக் கேட்கவில்லை. நேராகப் படகை அங்கே திருப்பினார்.

பாக் டின் தம் படகை விட்டு வர மறுத்தார். தண்ணீர் ஏறினால் நாளைக்கு வந்து படகை எடுத்துக்கொள்ளலாம், உங்களை எடுக்க முடியாது என்று மாமா மலாயில் கத்தினார். முதலில் மைத்துனர் தாவினார், பிறகு அவர். நான் மோட்டாரைப் பாதி தூக்கிப் பிடித்துக்கொள்ள, முழங்கால் ஆழத் தண்ணீரில் திட்டைத் தாண்டினோம். அடியில் மணல் உரசும் சத்தம் கேட்டது. பாக் டின் தடுப்புச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கரையில் இறங்கியபின் அந்தச் சுவரை ஒரு தட்டுத் தட்டி, "போலே தஹான்" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு பாராட்டை எவரும் கேட்டதில்லை. இரண்டு நாள் என் கால் தரையில் பாவவில்லை.

பதினோரு வருடம் அந்தப் படகு ஓடியது. அக்காவின் இரண்டு பெண்களும் அதில் வந்த மீனில்தான் படித்தார்கள். பெரியவள் இப்போது சிரம்பான் ஆஸ்பத்திரியில் தாதி. மாமாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டதும், கடலோரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் படகை வாங்கி, மோட்டார்களைக் கழற்றிவிட்டு, வாசலில் நிறுத்தி மண் கொட்டிக் காகிதப்பூச் செடி நட்டார். மழைத்தண்ணீர் தேங்கிச் செடி அழுகுகிறதென்று அடியில் ஓட்டை போட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் பைபர் ஒட்டிய பக்கம் இரண்டு இடத்தில் துரப்பணம் உடைந்ததாம்.

அந்தக் கடையும் இப்போது இல்லை. தோட்டத்து ஒர்க்ஷாப் இருந்த இடத்தில் இரட்டை மாடி வீடுகள். சி ரூசாவின் மணல் திட்டையும் தோண்டி ஆழமாக்கிவிட்டார்கள். எந்தப் படகும் எந்த நேரமும் வரலாம், போகலாம். தண்ணீர் ஏறட்டும் என்று அங்கே யாரும் காத்திருப்பதில்லை. கரையில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களும் இல்லை.