குரோம் அளவை யார் மாற்றலாம்?

புரோகிராம் எழுதுகிறவனுக்கு மெஷினோடு வரும் தகராறு கம்மி. பக்கத்து மேஜைக்காரரோடு வருவதுதான் ஜாஸ்தி. பட்டவர்களுக்குத் தெரியும்.

தோஸ்த்தின் கோபம்

எண்பதுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. தோல் ஊறும் டிரம்முக்கு எவ்வளவு தண்ணீர், தோலைப் பதமாக்கும் குரோம் உப்பு எவ்வளவு என்று சொல்லும் கம்ப்யூட்டர் பகுதியை நான் எழுதினேன். ஸ்டோர் இருப்புப் பகுதியை டேவிட் எழுதினான். என் 'கிளாஸி'ல், அதாவது புரோகிராமில் என் பங்கை அடைத்து வைத்த கட்டத்தில், குரோம் அளவை 'பிரைவேட்' என்று போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் அவன் பகுதி அதை நேராகத் தொட முடியாது. மாற்ற வேண்டுமென்றால் நான் எழுதிவைத்த ஃபங்ஷனைத்தான் கேட்க வேண்டும். அளவு ரொம்பக் குறைந்தால் ஃபங்ஷன் மறுத்துவிடும். அவன் புரோகிராம் ஓடவில்லை. என் மேஜைக்கு வந்து நின்றான்.

"இன்னா தோஸ்த், என்னைத் திருடன்னு நினைச்சிட்டியா?"

மேனேஜர் தீர்ப்பு

விஷயம் மேனேஜரிடம் போனது. தெரியாமல் யாராவது மாற்றிவிட்டால் தோல் கெட்டுவிடும் என்றேன். அவர் முழுசாகக் கேட்கவே இல்லை.

"ஒரே ஆபீஸ்ல இன்னாய்யா பிரைவேட்? பப்ளிக்னு போட்டுட்டுப் போ."

போட்டேன்.

ஏழுமலை

அடுத்த மாதம் ஸ்டோரில் குரோம் தட்டுப்பாடு. இருப்பு சரியாக வரட்டும் என்று டேவிட்டின் பகுதி ஒவ்வொரு டிரம்மின் குரோமையும் தானாகவே குறைத்தது. தடுக்க ஆளில்லை. டிரம் மேஸ்திரி ஏழுமலை, கம்ப்யூட்டரில் அச்சாகி வந்த அளவைப் பார்த்துப் போட்டார். பதம் சரியா என்று பார்க்கும் வெந்நீர்ச் சோதனையில் தோலெல்லாம் சுருங்கிப்போனது. பழி அவர்மேல் விழுந்தது. டேவிட் எழுதிய வரியைத் தாளில் அச்செடுத்து மேனேஜரிடம் காட்டினேன். கம்ப்யூட்டர் மெஷினை வாங்கச் சொன்னவரே அவர்தான். பார்த்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏழுமலையை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கேட் வரைக்கும் கூடப் போனேன். அவர்தான் பேசினார்.

"என்னை நிறுத்துனாங்க சரி. அந்த மெஷினு ஓடிக்கினுதானே சார் இருக்குது?"

டேவிட்டின் வேண்டுகோள்

அந்த வாரமே யாரையும் கேட்காமல் மறுபடி 'பிரைவேட்' போட்டேன். டேவிட் பார்த்தான். ஏழுமலை பெயரை எடுக்கவில்லை. சாயங்காலம் டீயோடு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"என் ஸ்டோர் கணக்குக்கும் அதே மாதிரி போட்டுக் குடேன், நாளைக்கு எவனாவது கைய வெச்சிட்டா பேஜாராயிடும்."

பிறகு அந்த ஆபீசில் பிரைவேட் போடாத ஆளே கிடையாது. டிரம் பக்கம்தான், ஏழுமலை நின்ற இடத்தில், புது ஆள் நின்றுகொண்டிருந்தார்.